பாம்பனா, ராமநாதபுரமா, ராமேஸ்வரமா: கணித நாளுக்கு எந்தப் பின்கோடு?

டிசம்பர் 22 நெருங்கினால் பள்ளிக்கூடச் சுவரில் 1729 ஏறிவிடும். ராமானுஜன் பிறந்த நாள் அது. 2012 முதல் தேசியக் கணித நாளும் அதுவே. பன்னிரண்டின் கனத்தோடு ஒன்றைச் சேர்த்தாலும் 1729, பத்தின் கனத்தோடு ஒன்பதின் கனத்தைச் சேர்த்தாலும் 1729 என்று ஒரு சார்ட், பக்கத்தில் ஒரு டாக்சி படம் (ராமானுஜனைப் பார்க்கக் கணித அறிஞர் ஹார்டி வந்த டாக்சியின் எண் அது). அந்த எண் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார்கள். சார்ட்டின் முன்னால் நிற்கிற பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை.

மண்டபம் தொடங்கி தனுஷ்கோடி வரை, இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, அந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரப் பள்ளிகளில் கணித மன்றம் நடத்துகிறவர்களுக்கும் சாயங்கால டியூசன் எடுப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்து, அதன் குணத்தைப் பிள்ளைகளே பேனாவும் பேப்பருமாகத் தோண்டி எடுக்கச் சொல்ல வேண்டும். எந்த எண்ணைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் கடையில் ரெடியாகக் கிடைக்கிற மாதிரியான எண்களைப் பார்த்துவிடலாம். 142857 அழகான எண். இரண்டால் பெருக்கினால் 285714, மூன்றால் பெருக்கினால் 428571. அதே இலக்கங்கள் வட்டம் சுற்றி வரும். ஏழால் பெருக்கினால் 999999. ஏழில் ஒரு பங்கைத் தசமமாக எழுதினால் திரும்பத் திரும்ப வருவது இதுதான் என்று சொன்னதும் விஷயம் முடிந்துவிடுகிறது. பத்து நிமிடம் தாங்கும். ஆறாம் வகுப்புக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

2147483647 இன்னொரு பிரபலம். இரண்டின் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இது பகா எண் என்று கணித மேதை ஆய்லர் 1772-இல் காட்டினார். பழைய கணினி நிரல்களில் ஒரு எண் ஏறக்கூடிய உச்சவரம்பும் இதுவே. கதை நன்றாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் நேரடியாகச் சோதிக்க வேண்டுமானால் 46340 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை நாலாயிரத்துக்கும் மேல். ஆய்லர் குறுக்குவழி போட்டுத்தான் அந்த வேலையைக் குறைத்தார், அந்தக் குறுக்குவழி பள்ளிப் பாடத்துக்குள் வராது. கடைசியில் இதுவும் இன்னொரு சுவர் சார்ட்டாகவே நின்றுபோகும்.

சிலர் மொபைல் எண்ணைக் கொடுக்கலாமே என்பார்கள். வேண்டாம். ஒருவர் எண்ணைப் போர்டில் எழுதுவதே சரியில்லை. அது தவிர, பத்து இலக்க எண்ணைச் சோதிக்க ஒரு லட்சம் வரையுள்ள பகா எண்கள் தேவைப்படலாம். அவை 9592.

அப்புறம் மிச்சம் இருப்பது நம் தபால் எண். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கம், முதல் இலக்கம் ஒருபோதும் பூஜ்யம் ஆகாது. தொடக்கத்தில் உள்ள 6 தென் மண்டலம், 623 என்றால் நம் ராமநாதபுரம் பக்கம். ஆறு இலக்கம் என்பது கைக்கணக்குக்கு ஏற்ற அளவு: கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத அளவுக்குப் பெரியது, ஒரு வகுப்பு சேர்ந்து உட்கார்ந்தால் முடிக்கிற அளவுக்குச் சிறியது. முக்கியமாக, ராமானுஜன் உட்பட யாரும் இதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே எதுவும் சொல்லி வைக்கவில்லை.

மூன்று பின்கோடுகளைப் போட்டுப் பார்த்தேன். ராமநாதபுரம் 623501, பாம்பன் 623521, ராமேஸ்வரம் 623526. முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் வெறும் 25. ஆனால் குணத்தில் மூன்றும் மூன்று திசை.

ராமேஸ்வரம்: எளிதாக உடையும், கொஞ்சம் ஏமாற்றும்

623526 இரட்டை எண். இலக்கங்களைக் கூட்டினால் 24, ஆக மூன்றாலும் வகுபடும். ஆறால் வகுத்தால் 103921 வருகிறது. இதுவரை ஆறாம் வகுப்புப் பாடம். அடுத்து 7, 11, 13 மூன்றும் மீதி விடுகின்றன. 17-க்கு ஒரு பழைய சோதனை உண்டு: கடைசி இலக்கத்தை ஐந்தால் பெருக்கி மீதியுள்ள எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 10392-இலிருந்து 5 போனால் 10387. 1038-இலிருந்து 35 போனால் 1003. 100-இலிருந்து 15 போனால் 85. அது ஐந்து பதினேழு. ஆக 103921 பதினேழால் வகுபடும், ஈவு 6113.

இந்த இடத்தில்தான் ஏமாற்றம். இவ்வளவு சுலபமாக உடைந்து வந்த எண் 6113-இல் வந்து நின்றுவிடும். அதன் வர்க்கமூலம் 78-ஐக் கொஞ்சம் தாண்டும், ஆகவே 73 வரையுள்ள பகா எண்கள் போதும். 2, 3, 5 கண்ணாலேயே போய்விடும். 7, 11, 13 ஏற்கெனவே 103921-ஐ வகுக்கவில்லை என்பதால் இதையும் வகுக்காது. மீதி பதினைந்து வகுத்தல்கள், 17-இல் தொடங்கி 73 வரை. ஒன்றும் வகுக்காது. 6113 பகா எண்.

623526 = 2 × 3 × 17 × 6113. நான்கு பகாக் காரணிகள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஆகவே வகுத்திகள் மொத்தம் பதினாறு. எண்ணைத் தவிர்த்து மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 697098, எண்ணையே தாண்டிவிடுகிறது. இப்படிப்பட்டதை மிகை எண் என்பார்கள். ஆறின் மடங்காக இருந்து ஆறைவிடப் பெரியதாக இருந்தாலே மிகை எண்தான், அதனால் இதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. 34 பேர், 51 பேர் உள்ள வகுப்புகளில் இந்த எண்ணைச் சமமாகப் பங்கு வைக்கலாம் என்று ஒரு விளையாட்டு வைக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு பீரியடில் முடியும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்குப் பொருத்தம். கோயில் ஊர், கலாம் பிறந்த ஊர் என்ற பெயரால் எல்லாப் பள்ளியும் முதலில் கை வைக்கப்போவது இந்த எண்ணில்தான். எனக்கு இது மூன்றாம் இடம்.

ராமநாதபுரம்: இரண்டே பூட்டு

623501-ஐப் பாருங்கள். ஒற்றை எண். இலக்கக் கூட்டல் 17, மூன்று போச்சு. கடைசி இலக்கம் 1, ஐந்து போச்சு. ஏழு நான்கு மீதி விடும், பதினொன்று வகுக்காது, பதின்மூன்று எட்டு மீதி. இப்படியே போய்க்கொண்டே இருக்கும். வரிசையாக ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டு போகும் பிள்ளைக்கு 82-ஆவது பகா எண்ணில், அதாவது 421-இல்தான் கதவு திறக்கும். 421 × 1481. இரண்டும் பகா எண்கள். வேறு காரணியே இல்லை.

எண்பத்தொரு தோல்விக்குப் பிறகு ஒரு வெற்றி. நாற்பதாவது வகுத்தலில் பாதி வகுப்பு "இது பகா எண்தான் சார்" என்று பேனாவை மூடிவிடும். அதனாலேயே இந்த எண்ணுக்கு வேறொரு வழியைக் கையில் வைத்திருக்க வேண்டும், இங்கேதான் 623501 மற்ற இரண்டையும் தாண்டிப் போகிறது.

பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா 1640-களில் பயன்படுத்திய வழி அது. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், கூட்டலும் கழித்தலுமாகப் பிரியும் என்று எட்டாம் வகுப்பிலேயே படிக்கிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். 623501-ஐ ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்ததாக எழுத முடிந்தால், உடனே இரண்டு காரணிகள் கையில். ஃபெர்மா இந்த வழியில் 2027651281 என்ற எண்ணைப் பன்னிரண்டாவது முயற்சியிலேயே 44021 × 46061 என்று உடைத்தார். அவருக்கு அதிர்ஷ்டம், காரணிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நம் எண்ணுக்கு அப்படி இல்லை. 623501-இன் வர்க்கமூலம் 789 சொச்சம். 790-இல் தொடங்கி ஒவ்வொன்றாக வர்க்கம் எடுத்து, 623501-ஐக் கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பார்த்தால் 162-ஆவது முயற்சியில்தான் விடை. வகுத்தலைவிட இரண்டு மடங்கு மோசம்.

சரி, அப்படியானால் இதை ஏன் சிபாரிசு செய்கிறேன்? இந்த 162-ஐப் பிள்ளைகளால் குறைக்க முடியும், அதற்குத் தேவையான அறிவு பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் என்ற பெயரில் இருக்கிறது.

எந்த முழு வர்க்கத்தையும் நான்கால் வகுத்தால் மீதி 0 அல்லது 1. நம் எண்ணின் மீதி 1. ஆகவே பெரிய வர்க்கத்தின் மீதி 1, சின்ன வர்க்கத்தின் மீதி 0 என்று இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும். அப்படியென்றால் பெரிய எண் ஒற்றை எண். இரட்டைகள் எல்லாம் போச்சு.

அடுத்து கடைசி இலக்கம். 3 அல்லது 7-இல் முடியும் எண்ணின் வர்க்கம் 9-இல் முடியும். அதிலிருந்து 1-இல் முடியும் நம் எண்ணைக் கழித்தால் 8-இல் முடியும். எந்த வர்க்கமும் 8-இல் முடியாது. ஆகவே 1, 5, 9 இந்த மூன்றில் முடிகிறவை மட்டும் மிச்சம். 162 முயற்சி 49 ஆகிவிட்டது.

இன்னும் ஒன்று. மூன்றால் வகுத்தாலும் வர்க்கத்தின் மீதி 0 அல்லது 1 மட்டும்தான். நம் எண்ணின் மீதி 2. ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்து மீதி 2 வர ஒரே வழி: பெரியதன் மீதி 0, சின்னதன் மீதி 1 (மூன்றின் மடங்குக்கு ஒன்று குறைந்தால் மீதி 2). ஆகவே பெரிய எண் மூன்றின் மடங்கு. 49 இப்போது 17.

795, 801, 819, 825, 831 என்று தொடங்கி 939, 945, 951 வரை பதினேழே எண்கள். 795-இன் வர்க்கத்தில் 623501 போனால் 8524, அது 92, 93 இரண்டின் வர்க்கங்களுக்கும் நடுவில் விழுகிறது. 801-க்கு 18100, அதுவும் இல்லை. 819-க்கு 47260, ஒற்றைப் பூஜ்யத்தில் முடிகிற எண் வர்க்கமாகாது என்று வகுத்துப் பார்க்காமலே தள்ளிவிடலாம். இப்படியே போய் 951-இல் 904401 கழித்தல் 623501, மிச்சம் 280900. அது 530-இன் வர்க்கம். 951 − 530 = 421. 951 + 530 = 1481.

82 வகுத்தலா, 17 வர்க்கமா என்பதை இரண்டு அணியாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட விடலாம். ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணுக்கு இரண்டே காரணிகள்தான் என்று முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் வகுக்கும் அணி எந்தக் கட்டத்திலும் கைவிடாது, அந்த மனப்போராட்டமே காணாமல் போய்விடும்.

இந்த எண்ணுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு, பதினொன்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் தொடலாம். 421 = 15² + 14². 1481 = 35² + 16². இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதக்கூடிய இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவதையும் அப்படியே எழுதலாம், அதுவும் இரண்டு விதமாக. இதற்கான சமன்பாடு 7-ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் காலத்திலேயே தெரிந்தது. போட்டுப் பார்த்தால் 623501 = 749² + 250², அதுவே 301² + 730². இன்னும் வேடிக்கை, இந்த இரண்டு விதத்தையும் வைத்துக்கொண்டு காரணியைத் திரும்பப் பிடிக்கலாம். ஒற்றைகளின் வித்தியாசம் 448, இரட்டைகளின் வித்தியாசம் 480, மீப்பெரு பொதுக் காரணி 32. கூட்டல்கள் 1050, 980; அவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 70. இரண்டையும் பாதியாக்கினால் 16, 35. வர்க்கங்களைக் கூட்டினால் 1481. ஆய்லர் இப்படிக் காரணி பிரித்திருக்கிறார்.

இது வங்கி ஆப்புக்கும் சொந்தக்கார விஷயம் என்று சொன்னால் பின்பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் ரகசியத் தகவலைக் காக்க உருவாக்கிய பூட்டு (RSA) இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல்தான். அப்போது அவர்கள் சவாலாக விட்ட 129 இலக்க எண் 1994 வரை உடையவில்லை. 250 இலக்க எண் ஒன்று 2020-இல் உடைந்தது. இன்று அந்த வகைப் பூட்டுகளில் புழங்குவது 617 இலக்க எண்கள். 623501 அந்தக் குடும்பத்தின் கைக்குழந்தை.

பாம்பன்: உடையாதது

623521. எதால் வகுத்தாலும் மீதி. இது பகா எண்.

இந்த ஒரு வரியை எழுதுவது சுலபம், நிரூபிப்பதுதான் வேலை. வர்க்கமூலம் 789.6, ஆகவே 787 வரையுள்ள 138 பகா எண்களாலும் வகுபடாது என்று காட்ட வேண்டும். இங்கே ஃபெர்மா வழி உதவாது. பகா எண்ணிடம் அதைக் கொண்டுபோனால் மூன்று லட்சத்துக்கு மேல் போய்த்தான் நிற்கும். குறுக்குவழி தேடி அலையாமல் வகுக்க வேண்டியதுதான்.

2, 3, 5 பார்த்தவுடன் போய்விடும். மிச்சம் 135. இருபத்தேழு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து. நாற்பத்தைந்து பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று. வகுப்பு முழுவதும் ஒரே எண்ணைத் தூக்குகிற வேலை இது, ஒருவர் பங்கு விட்டுப்போனாலும் நிரூபணம் நிற்காது. முதல் ரேங்க் பிள்ளை ஓடிப்போய் விடையைச் சொல்லிவிட முடியாது. நாற்பதாம் ரேங்க் பிள்ளையின் 683-உம் அதே அளவு தேவை. எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்தது இதுதான்.

நடுவில் சில மயிரிழைத் தப்பல்களும் உண்டு. 433 கிடைத்த பிள்ளை 433 × 1440 = 623520 என்று பார்த்து மீதி 1 என்பதை நம்ப மாட்டார், திரும்பப் போடுவார். 71 கிடைத்தவருக்கு 71 × 8782 = 623522, ஒன்றே ஒன்று அதிகம். 307-உம் 677-உம் இரண்டுமே மீதி 4. விடையைச் சரிபார்க்க ஆசிரியர் கையில் இந்த நான்கு மட்டும் இருந்தால் பாதிக் கவலை தீரும். மீதியுள்ளவற்றுக்கு ஒவ்வொரு பகா எண்ணையும் இரண்டு பேருக்குக் கொடுத்து மீதியை ஒப்பிடுவதே நல்லது. நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை.

இந்த அளவுள்ள எண்களில் சராசரியாகப் பதின்மூன்றுக்கு ஒன்றுதான் பகா எண். தபால்காரர்கள் திட்டமிட்டுக் கொடுத்ததல்ல, தானாக விழுந்தது.

பகா எண் என்று தெரிந்த பிறகும் வேலை இருக்கிறது. நான்கால் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதமாக. ஃபெர்மா இதை 1640 டிசம்பர் 25 தேதியிட்ட கடிதத்தில் சொன்னார், ஆய்லர் பின்னாளில் நிரூபித்தார். 623521-க்கு மீதி 1தான். தேடச் சொல்லுங்கள், ஆனால் சும்மா தேடவிடாதீர்கள்: இரண்டில் ஒன்று மூன்றின் மடங்கு, ஒன்று நான்கின் மடங்கு, ஒன்று ஐந்தின் மடங்கு என்று முந்தின மீதிக் கணக்கை வைத்தே காட்டிவிடலாம். விடை 620² + 489². வேறு ஜோடி கிடையாது. ராமநாதபுரத்துக்கு இரண்டு ஜோடி, பாம்பனுக்கு ஒன்று, ராமேஸ்வரத்துக்கு ஒன்றுமே இல்லை. அங்கே 3 என்ற காரணி ஒரே ஒரு முறை உட்கார்ந்திருப்பது தடுத்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தை ஒரே சார்ட்டில் போட்டால் சுவருக்கு அதுவே போதும்.

குறை என்ன? நேரம். ஒரு மதியம் முழுக்க வேண்டும். அதோடு, நீண்ட வகுத்தலில் தடுமாறுகிற வகுப்பில் 135 விடைகளில் சில தவறாக வந்தே தீரும். மேற்பார்வைக்கு இரண்டு ஆசிரியர் இல்லாத பள்ளி இதைத் தொடவேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

தேதியைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. டிசம்பர் மூன்றாம் வாரம் பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வோடு மோதும். 22-ஆம் தேதிக்கு நம் கடற்கரையில் இன்னொரு நினைவும் இருக்கிறது. 1964-இல் அந்த இரவில்தான் புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாம்பனிலிருந்து போன ரயிலையும் அலை கொண்டுபோனது. பெரியவர்கள் உள்ள வீடுகளில் அந்த நாள் இன்றும் மறக்கப்படவில்லை. மைக் செட், பட்டாசு என்று பெரிதாக்காமல், தேர்வு தொடங்கும் முன்பே ஒரு நாள் மதியத்தில் கணக்கை முடித்துவிட்டு, 22 அன்று சார்ட்டை மட்டும் வைப்பது நல்லது என்பது என் கருத்து.

அடுத்து போன். ஆறு இலக்க எண்ணின் காரணியைப் போன் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். போனைத் தடுக்க முடியாது, ஆனால் கேள்வியை மாற்றலாம். "காரணி என்ன" என்று கேட்டால் போன் ஜெயிக்கும். "795-இலிருந்து 951 வரை ஏன் பதினேழு எண்கள் மட்டும்" என்று கேட்டால் பிள்ளைதான் வாய் திறந்து விளக்கவேண்டும்.

ஒன்பது, பத்தாம் வகுப்பு இருக்கிற பள்ளி என்றால் யோசிக்காமல் ராமநாதபுரத்தை எடுங்கள். இரண்டு பீரியட், ஒரு ஆசிரியர் போதும், தோல்வியும் உண்டு, திருப்பமும் உண்டு, கடைசியில் விடை கையில் நிற்கும். மூன்றில் என் ஓட்டு இதற்கே. எட்டாம் வகுப்போடு நிற்கிற நடுநிலைப் பள்ளிக்கு ராமேஸ்வரம். 17-க்கான சோதனையைச் சொல்லிக்கொடுக்க அது ஒரு நல்ல சாக்கு. தீவுக்குள் இருக்கிற பள்ளிகள், குறிப்பாக பாம்பன் பிள்ளைகள், "எங்க ஊர் எண் உடையாது" என்று தெரிந்த நிமிடமே வேறு எதையும் ஏற்க மாட்டார்கள். அவர்களோடு வாதாடிப் பிரயோஜனமில்லை. இரண்டாவது ஆசிரியரைப் பிடித்துவிட்டு 135-ஐப் பங்கு வையுங்கள். சார்ட்டில் "பகா எண்" என்று மட்டும் எழுதாமல் 135 மீதிகளையும் பட்டியலாக ஒட்டுங்கள். பார்க்க வருகிறவர் விரும்பிய வரியைத் தொட்டு அங்கேயே வகுத்துப் பார்க்கட்டும்.

இந்த மூன்று ஊரிலும் இல்லாத பள்ளிக்கு முதல் சோதனை சுலபம். உங்கள் பின்கோடு இரட்டை எண்ணாக இருந்தாலோ, 5-இல் முடிந்தாலோ, இலக்கக் கூட்டல் மூன்றின் மடங்காக இருந்தாலோ அது ராமேஸ்வரம் பக்கம் சாயும். கீழக்கரை 623517 அப்படித்தான், கூட்டல் 24. தங்கச்சிமடம் 623529-க்குக் கூட்டல் 27, ஆகவே ஒன்பதே நேராக வெளியே வரும், மிச்சம் 69281. அதற்குப் பிறகு 7, 11, 13, 17, 19, 23 வரை பொறுமையாகப் போங்கள். 29-இல் உடையும், 29 × 2389. 2389 பகா எண்ணா என்பதை 47 வரை வகுத்தால் முடித்துவிடலாம், அது ஏழாம் வகுப்பிலேயே முடிகிற வேலை. இந்த மூன்று சோதனையிலும் தப்பி நிற்கிற எண் உங்களுடையது என்றால், வகுப்பைக் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை தனியாக உட்கார்ந்து காரணி கிடைக்கும் வரை, கிடைக்காவிட்டால் 787 வரை, வகுத்துப் பார்த்துவிடுங்கள். அது ராமநாதபுரம் வகையா, பாம்பன் வகையா என்று தெரியாமல் பீரியட் எத்தனை வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்க முடியாது.